கருவி வாங்குவதா, வேலையின் வடிவத்தை மாற்றுவதா? மாற்றுத்திறனாளி ஊழியர் முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

"பார்வை குறைந்துகொண்டே வருகிறது. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்களில் ஜாஸ் வாங்கலாமா, என்விடிஏ போதுமா?"

"மணிக்கட்டு வலியால் தட்டச்சு செய்ய முடியவில்லை. பேசினால் எழுதும் மென்பொருளில் எது நல்லது?"

"காது கேளாத ஒருவர் எங்கள் குழுவில் சேரப்போகிறார். கூட்டங்களுக்கு என்ன வாங்கி வைப்பது?"

எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்தச் சாயலில்தான் இருக்கின்றன. கேட்பவர் ஊழியராக இருந்தாலும் மேலாளராக இருந்தாலும் ஒரு பொருளின் பெயரை எதிர்பார்க்கிறார். முன்பெல்லாம் நானும் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னதை நம்பி, கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் மூன்று மாதம் பாடுபட்டுத் திரைவாசிப்பானைக் கற்றுக்கொண்டார். அதன்பிறகுதான் தெரிந்தது, அவர் தினமும் திறக்கவேண்டிய பில்லிங் மென்பொருளில் பொத்தான்களுக்குப் பெயரே கொடுக்கப்படவில்லை. திரைவாசிப்பான் எல்லாவற்றையும் "பட்டன், பட்டன், பட்டன்" என்றே வாசித்தது. மூன்று மாத உழைப்பும் அந்த ஒரு திரையில் போய் முட்டி நின்றது.

அன்றிலிருந்து எந்தக் கருவி என்று கேட்டால், எந்த வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன். அந்தப் பதிலைப் பொறுத்து வழிகள் நான்கு. கணினியிலேயே இருப்பதைப் பயன்படுத்துவது, தனியாக ஒரு கருவியைச் சேர்ப்பது, அலுவலக மென்பொருளைத் திருத்துவது, வேலையின் வடிவத்தையே மாற்றுவது. எல்லோரும் இரண்டாவதுக்கு ஓடுகிறார்கள். பல பேருக்கு அது முதல் படியாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

## முதலில் ஒரு வாரக் குறிப்பு

எதையும் ஒப்பிடுவதற்கு முன்னால், ஒரு வாரம் உங்கள் வேலையைக் கவனித்து எழுதி வையுங்கள். "கண் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. "மாலையில் எக்செல் பட்டியலில் எந்த வரிசையில் இருக்கிறேன் என்பதைத் தொலைத்துவிடுகிறேன்", "கேப்சா புதிர்ப் படம் வந்தால் பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது", "நான்கு பேருக்கு மேல் பேசும் கூட்டத்தில் யார் பேசுகிறார் என்றே பிடிபடுவதில்லை" என்று எழுதுங்கள். கூடவே இரண்டு விஷயங்கள்: அந்த இடத்தில் எவ்வளவு நேரம் போனது, யாருடைய உதவியைக் கேட்க வேண்டியிருந்தது.

வாரம் முடிந்து அந்தத் தாளைப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நாள் முழுக்கக் கஷ்டப்படுவதாக நினைத்திருப்பார்கள். தாளில் ஐந்தாறு இடங்களே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்த ஐந்தாறு இடங்களுக்குத்தான் தீர்வு தேடப் போகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

விலையைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன்னால் பார்க்கவேண்டியவை வேறு.

முதல் அளவுகோல், நீங்கள் தினமும் திறக்கும் முக்கிய மென்பொருளோடு இது ஒத்துப்போகிறதா என்பது. இதில் தேறாத எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, கற்றுக்கொள்ள ஆகும் காலம். அந்தக் காலத்தில் வேலை இலக்கைக் குறைத்துத் தருவார்களா என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

மூன்றாவது, சோர்வு. காலை பத்து மணிக்கு எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். மாலை ஐந்து மணிக்குத் தொண்டை, கழுத்து, காது, கண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, பழுதானால் யார் சரிசெய்வார் என்பது. விண்டோஸ் ஒரு அப்டேட் போட்டு மறுநாள் காலை கருவி பேசாமல் போனால், அன்றைய வேலை என்னவாகும்?

ஐந்தாவது, யாரிடமெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்பது. தன் உடல்நிலையை அலுவலகத்தில் சொல்ல எல்லோருக்கும் விருப்பம் இருக்காது. அது அவரவர் உரிமை.

ஆறாவது, வேலை மாறினால் இது கூட வருமா. ஏழாவது, தமிழில் எவ்வளவு தூரம் வேலை செய்யும்.

## வழி 1: கணினியிலும் போனிலும் ஏற்கெனவே இருப்பது

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். விண்டோஸில் நரேட்டர் என்ற திரைவாசிப்பான் விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. திரையைப் பெரிதாக்கும் மேக்னிஃபையர், பேசி இயக்க வாய்ஸ் ஆக்சஸ், கணினியில் வரும் பேச்சை எழுத்தாகக் காட்டும் லைவ் கேப்ஷன்ஸ் எல்லாம் விண்டோஸ் 11இல் கூடவே வருகின்றன. ஐபோனில் 2009 முதல் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. 2019இல் குரலால் முழுதும் இயக்கும் வசதியும், 2024இல் முன்பக்க கேமராவைக் கொண்டே கண் அசைவால் இயக்கும் வசதியும் அதில் சேர்ந்தன. ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் உண்டு. எதிரில் பேசுபவரின் பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் 2019இல் வந்தது.

சின்ன வசதிகள் இன்னும் முக்கியம். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும். தெரியாமல் தட்டிவிட்டு எரிச்சலோடு அதை மூடியவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். ஒரே கையால் தட்டச்சு செய்பவருக்கு அதுதான் அன்றாட வேலையை நடத்துகிறது. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் ஒருசேர அழுத்தவேண்டிய கட்டாயத்தை அது எடுத்துவிடுகிறது. கை நடுக்கம் உள்ளவருக்கு, தவறிப்போய் விழும் தட்டல்களைப் புறக்கணிக்கும் ஃபில்டர் கீஸ் அதே அளவு உதவும்.

இந்த வழியின் பெரிய பலம், யாரிடமும் அனுமதி கேட்காமல் இன்றைக்கே தொடங்கிவிடலாம் என்பது. வேலை மாறினாலும் போகிற இடத்துக் கணினியில் இது இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு ஆழத்தில்தான் தெரியும். மேக்னிஃபையரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மடங்கு பெரிதாக்கினால் திரையின் பதினாறில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். மீதிக்கு மவுஸை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அகலமான அட்டவணைகளில் வேலை செய்பவர் தலைப்பு வரிசையைத் தொலைத்துவிட்டுத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். அந்த நிலைக்கு வந்துவிட்டால், இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போகாமல் காதால் கேட்கும் முறைக்கு மெல்ல மாறத் தொடங்குவது நல்லது. பார்வை இன்னும் மிச்சம் இருக்கும்போதே திரைவாசிப்பானைப் பழகுவது எளிது. கண்ணையும் காதையும் சேர்த்து வைத்துக் கற்கலாம். இதைத் தள்ளிப்போட்டு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது இதுவே போதும்: தடை லேசானது, அல்லது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வேலை பெரும்பாலும் உலாவி, மின்னஞ்சல், வேர்ட் ஆகியவற்றில் முடிந்துவிடுகிறது. உடல்நிலையை இப்போதைக்கு யாரிடமும் சொல்ல விருப்பமில்லை.

## வழி 2: தனியாக ஒரு மென்பொருளோ கருவியோ சேர்ப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். காசும் மாதங்களும் அதிகம் போவது இங்கேதான்.

திரைவாசிப்பான். ஜாஸா, என்விடிஏவா என்ற கேள்விக்கு வருகிறேன். ஜாஸ் என்ற ஆங்கிலப் பெயரின் விரிவே, பேச்சின் வழியாக வேலையை எட்டுவது என்ற பொருள் தருவதுதான். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹெண்டர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து அது வந்தது. விண்டோஸ் பதிப்பு 1995இல் வெளியானது. என்விடிஏ, மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கியது. அது இலவசம், நிரலும் திறந்தே இருக்கிறது. இரண்டுமே பார்வையற்றவர்கள் தங்கள் தேவைக்காக உருவாக்கத் தொடங்கியவை என்பதால்தான் இவ்வளவு காலம் நிலைத்து நிற்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

அன்றாட அலுவலக வேலைக்கு என்விடிஏ போதும். உலாவி, வேர்ட், எக்செல், அவுட்லுக் எல்லாவற்றிலும் நன்றாக ஓடுகிறது. பென் டிரைவில் போட்டு எடுத்துச் செல்லும் வடிவமும் உண்டு. நேர்முகத் தேர்வுக்குப் போகிற இடத்தில்கூட அதைச் செருகி வேலையைச் செய்து காட்டலாம். ஆனால் நிறுவாமல் ஓட்டும்போது, நிர்வாகி அனுமதி கேட்கும் திரை போன்ற பாதுகாப்புத் திரைகளில் அது மௌனமாகிவிடும். அதனால் நிரந்தர வேலைக்கு நிறுவிக்கொள்வதே சரி.

ஜாஸுக்குக் காசு கொடுப்பது எப்போது நியாயம்? அலுவலகத்தில் பழைய, அந்த நிறுவனத்துக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் ஓடுகிறது. அதை மாற்ற இப்போதைக்கு வழியில்லை. அதற்கு ஏற்றபடி ஜாஸில் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் எழுதித் தர ஆள் இருக்கிறார். அப்போது கொடுக்கலாம். என்விடிஏவுக்கும் இணைப்பு நிரல்கள் எழுத முடியும். ஆனால் ஒப்பந்தம் போட்டு உதவி கேட்பது ஜாஸில் பழகிப்போன நடைமுறை. வாங்கும் முன் சோதித்துப் பார்க்கலாம். உரிமம் இல்லாமல் நிறுவினால் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியை மறுபடி தொடங்க வேண்டும். அந்த 40 நிமிடத்தில் மென்பொருளின் வசதிப் பட்டியலைச் சுற்றிப் பார்க்காதீர்கள். வாரக் குறிப்பில் உள்ள முதல் தடையைத் திறந்து வேலை நடக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கியபிறகே பலருக்குத் தெரியவரும் ஒரு சிக்கல், தொலைதூரக் கணினி. ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்தால், எதிர்முனைத் திரை உங்கள் கணினிக்குப் படமாகத்தான் வந்து சேரும். உங்கள் பக்கம் இருக்கும் திரைவாசிப்பான் அந்தப் படத்துக்குள் ஒன்றையும் வாசிக்காது. எதிர்முனையிலும் திரைவாசிப்பான் இருக்க வேண்டும், இரண்டும் இணைய வேண்டும். என்விடிஏவில் 2025.1 பதிப்பிலிருந்து இந்த இணைப்பு வசதி உள்ளேயே வருகிறது. எந்தத் திரைவாசிப்பானாக இருந்தாலும், எதிர்முனைக் கணினியில் அதை நிறுவ அனுமதிப்பார்களா என்ற கேள்வியை வேலையில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

காதையும் மறந்துவிடக் கூடாது. எட்டு மணி நேரம் ஹெட்போனில் வேகமான பேச்சைக் கேட்டுக்கொண்டே சக ஊழியர் கூப்பிடுவதையும் கவனிப்பது பெரும் களைப்பு. ஒரு காதுக்கு மட்டும் ஹெட்போன் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. காதை அடைக்காமல் எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்போனும் இருக்கிறது.

பிரெய்ல் டிஸ்ப்ளே. திரையில் உள்ள எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக மாற்றித் தரும் கருவி இது. ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு அல்லது எட்டு முனைகள் தனித்தனியாக மேலெழும்பித் தாழ வேண்டும். 40 கட்டம் என்றால் அத்தனையும் பெருகும். அதனால்தான் விலை அவ்வளவு. எல்லோருக்கும் இது தேவையில்லை. ஆனால் எழுத்துப் பிழை பார்ப்பது, நிரல் எழுதுவது, தொலைபேசியில் பேசிக்கொண்டே விவரம் படிப்பது போன்ற வேலையென்றால் இதற்கு மாற்று கிடையாது. தமிழில் மெய்ப்புப் பார்ப்பவருக்கு இன்னும் அவசியம். ன, ண, ந மூன்றும் கணினிக் குரலில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே காதில் விழும். விரலுக்கு மூன்றும் வேறு வேறு.

பேசி எழுதுவது, பேசி இயக்குவது. இவை இரண்டும் வேறு. டிராகன் என்ற மென்பொருள் இரண்டையும் செய்கிறது, ஆனால் அதில் தமிழ் கிடையாது. தமிழில் பேசி எழுத கூகுள் டாக்ஸும், போனில் ஜிபோர்டு விசைப்பலகையும் கைகொடுக்கின்றன. ஆனால் "அடுத்த வரிக்குப் போ", "அந்தப் பட்டனை அழுத்து" என்று தமிழில் கட்டளையிட்டுக் கணினியை ஓட்டும் வசதி அந்த அளவுக்கு வளரவில்லை. கை முழுதும் இயங்காதவர் இதைக் கணக்கில் எடுத்துத்தான் திட்டமிட வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு குரல்வளையில் விழுகிறது. மணிக்கட்டைக் காப்பாற்றப் போய், நாள் முழுதும் பேசித் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். முழுதாக மாறாதீர்கள். நீளமான பத்திகளைப் பேசி எழுதுங்கள், திருத்தங்களை ஷார்ட்கட்டில் செய்யுங்கள், அடிக்கடி எழுதும் வாக்கியங்களை இரண்டு எழுத்தில் விரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், திறந்த கூடத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளரின் விவரங்களை உரக்கச் சொல்ல முடியாது. தனி அறை ஒன்றும் இந்தக் கருவியின் விலையோடு சேர்ந்ததுதான்.

கண் அசைவு. கணினியைக் கண்ணால் இயக்க ஆப்டிகீ போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கண்ணைப் பின்தொடரும் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். கண்ணால் எழுத்தெழுத்தாகத் தேர்ந்தெடுப்பது மெதுவான வேலை. வேகத்தை அளவுகோலாக வைக்காத வேலைகளில் மட்டுமே இது நீடிக்கும்.

ஏஐ விளக்கம். 2015இல் தன்னார்வலர்களின் கண்ணை வீடியோ வழியாகக் கடன் வாங்கித் தந்த பி மை ஐஸ் என்ற செயலி, 2023இல் செயற்கை நுண்ணறிவால் படங்களை விவரிக்கத் தொடங்கியது. அறையில் என்ன இருக்கிறது, வரைபடம் மேலே போகிறதா கீழே போகிறதா என்று தெரிந்துகொள்ள இப்படிப்பட்டவை மிக நல்லவை. பில்லில் உள்ள தொகையை இதை மட்டும் நம்பி எழுதாதீர்கள். இல்லாத எண்ணைத் தயங்காமல் சொல்லும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. நிறுவனத்தின் ஆவணத்தை வெளியே அனுப்புகிறோம் என்பதையும் மேலாளரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

## வழி 3: அலுவலக மென்பொருளைத் திருத்தச் சொல்வது

தொடக்கத்தில் சொன்ன கணக்குப் பிரிவுக்காரருக்கு என்ன தீர்வு என்று யோசித்துப் பாருங்கள். இன்னும் விலை உயர்ந்த திரைவாசிப்பான் வாங்கினாலும் பெயரில்லாத பொத்தான் பெயரில்லாமலேதான் இருக்கும். நிரலாளர் ஒருவர் உட்கார்ந்து அந்தப் பொத்தான்களுக்குப் பெயர் கொடுத்தால் அன்றோடு தீர்ந்தது. அவருக்கு மட்டுமல்லாமல், அடுத்து வருகிற எல்லோருக்கும் தீர்ந்தது.

என்ன கேட்கவேண்டும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி என்ற உலக அளவிலான நெறிமுறையின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. எல்லாவற்றையும் விசைப்பலகையால் மட்டும் செய்ய முடிய வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். அழுத்தும் இடங்கள் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும். உள்நுழையும்போது புதிர் போட்டு நினைவாற்றலைச் சோதிக்கக் கூடாது. சிலவற்றுக்கு விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பேச்சைத் தொடங்க இவை போதும்.

மேலாளருக்கு இதைப் புரியவைக்க நான் சொல்லும் வழி ஒன்றுதான். மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையால் நகர்ந்து, விசைப்பலகையை மட்டும் வைத்து உங்கள் மென்பொருளில் ஒரு முழு வேலையை அவரையே முடிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் எங்கே மாட்டிக்கொள்கிறார் என்று அவரே பார்ப்பார்.

இந்த வழியின் செலவு காலம். உள்ளேயே எழுதிய மென்பொருள் என்றால் வாரங்களில் நடக்கலாம். வெளியிலிருந்து வாங்கியது என்றால், விற்பவர் "அடுத்த பதிப்பில் பார்க்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் கேட்டால்தான் காதில் விழும். இன்னொன்றிலும் கவனமாக இருங்கள். ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுதும் அணுகத்தக்கதாக மாறிவிடும் என்று விற்கப்படும் மேலடுக்குக் கருவிகளை நம்ப வேண்டாம். பெயரில்லாத பொத்தானின் வேலை என்ன என்று அவை ஊகிக்கத்தான் முடியும். சில நேரம் திரைவாசிப்பானின் வழியிலேயே குறுக்கே வந்து நிற்கின்றன.

சட்டமும் இங்கே துணைக்கு வரும். 2006இல் ஏற்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, வேலையிடத்தில் நியாயமான வசதி செய்து தரவேண்டும் என்று 27ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படிச் செய்ய மறுப்பதையே பாகுபாடு என்று 2ஆம் பிரிவு வரையறுக்கிறது. சலுகை கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டியதில்லை.

எப்போது இதைத் தேர்வது: ஒரே திரை தினமும் வழிமறிக்கிறது, அதை இன்னும் பல வருடம் பயன்படுத்தப் போகிறார்கள். அப்போது மற்ற வழிகளோடு இதையும் முதல் நாளிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

## வழி 4: வேலையின் வடிவத்தை மாற்றுவது

புதிதாக எதையும் வாங்காமல், இருக்கிற சாதாரணக் கருவிகளைக் கொண்டே வேலை நடக்கும் விதத்தை மாற்றுவது இது. தொலைபேசியில் வரும் கோரிக்கைகளை ஒரு படிவத்துக்கு மாற்றுவது. கூட்டத்தில் வாய்வழியாகச் சொல்லப்படும் முடிவுகளை எல்லோரும் திறக்கும் ஒரே ஆவணத்தில் அங்கேயே எழுதுவது. கவனம் சிதறும் சிக்கல் உள்ளவருக்கு, வாய்மொழிக் கட்டளைகளுக்குப் பதிலாகப் படிப்படியான சரிபார்ப்புப் பட்டியலும் நாட்காட்டி நினைவூட்டலும் தருவது. வலி கூடும் நாட்களில் வீட்டிலிருந்து வேலை.

காது கேளாத சக ஊழியருக்கு எது என்று கேட்டவருக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தானியங்கி வசன வரி நல்ல தொடக்கம், ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அது குழம்பும். ஆட்களின் பெயரும் எண்ணும் அடிக்கடி தவறும். ஒவ்வொருவரும் தனித்தனி மைக்கில் பேசுவது, ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்குவது, முன்கூட்டியே கூட்டத்தின் பொருளை எழுதி அனுப்புவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வசன வரி பயன்படும். இதைவிட முக்கியமாக, வருகிறவரிடமே கேளுங்கள். சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து இரண்டாவது மொழி. அவருக்கு வசன வரியைவிட, வீடியோவில் நிலையாகத் திரையில் தெரியும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம்.

இந்த வழியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றிப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. உதவி என்ற பெயரில் வேலை சுருங்கிவிடும். "அவருக்குக் கஷ்டமாக இருக்கும், வாடிக்கையாளர் சந்திப்பை நீங்கள் பாருங்கள்" என்று அன்போடுதான் தொடங்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பதவி உயர்வுக்குத் தேவையான எல்லா வேலையும் வேறு கைகளுக்குப் போயிருக்கும். எதை மாற்றினாலும் வேலை செய்யும் விதம் மாறட்டும், பொறுப்பு குறையக் கூடாது. எது யாரிடம் போனது, அதற்கு ஈடாக இவரிடம் என்ன வந்தது என்பதை எழுதி வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | 1. ஏற்கெனவே இருப்பது | 2. தனிக் கருவி | 3. மென்பொருள் திருத்தம் | 4. வேலை வடிவம் |
|---|---|---|---|---|
| தொடங்க ஆகும் காலம் | இன்றே | வாரங்கள் | வாரங்கள் முதல் வருடங்கள் | சில நாட்கள் |
| கற்கும் உழைப்பு | குறைவு | மிக அதிகம் | கிட்டத்தட்ட இல்லை | குழு முழுதும் பழக வேண்டும் |
| யாரிடம் சொல்ல வேண்டும் | யாரிடமும் வேண்டாம் | ஐடி பிரிவு, மேலாளர் | தடையை மட்டும் சொன்னால் போதும் | குழுவுக்கே தெரியும் |
| பழுதானால் | விண்டோஸ், ஆப்பிள், கூகுள் கையில் | விற்றவர் அல்லது பயனர் சமூகம் | நிரலாளர் குழு | மேலாளர் மாறினால் மறைந்துபோகலாம் |
| வேலை மாறினால் | கூட வரும் | உரிமம் யார் பெயரில் என்பதைப் பொறுத்தது | வராது, அங்கே மற்றவருக்குப் பயன்படும் | வராது |
| மறைந்த செலவு | ஆழம் போதாமை | பயிற்சி மாதங்கள், குரல், காது, தனி அறை | காத்திருப்பு | பொறுப்பு சுருங்குதல் |

உரிமம் யார் பெயரில் என்ற வரியை இன்னொரு முறை படியுங்கள். நிறுவனம் வாங்கித் தந்த கருவியில் நீங்கள் சேர்த்த சொற்களஞ்சியம், ஷார்ட்கட், அமைப்புகள் எல்லாவற்றையும் அவ்வப்போது பிரதி எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உழைப்பு.

## தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில், 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலிருந்தே தமிழ் இருக்கிறது. ஆனாலும் பல அலுவலகங்களின் பழைய கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்ற சொல்லைத் திரைவாசிப்பானில் எழுத்தெழுத்தாகக் கேட்டால் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய திரைவாசிப்பானும் இதைத் தமிழாக வாசிக்காது. கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றுவது மட்டுமே வழி. மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு ஆள் சரிபார்க்க வேண்டும்.

என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. இயந்திரத்தனமான குரல், முதல் வாரம் கேட்கவே பிடிக்காது. ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் தெளிவு குறையாது என்பதால் பழகியவர்கள் அதை விடுவதில்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்தில் எந்தப் பகுதி எந்த மொழி என்று குறிக்கப்படாவிட்டால் குரல் தடுமாறும். வேர்டில் மொழியைக் குறித்துத் தரச் சொல்லிச் சக ஊழியர்களிடம் கேட்பது சின்ன வேலை, பெரிய நிம்மதி. வருடிய பிடிஎஃப் வெறும் படம். அதை எழுத்தாக்க டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழுக்கும் உண்டு. ஆனால் அனுப்புகிறவர் மூலக் கோப்பையே அனுப்பினால் அந்த வேலையே இல்லை.

## எந்த வரிசையில்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதல் வாரத்திலேயே வழி 1. அதே வாரம் வழி 4இல் காசில்லாமல் மாற்றக்கூடிய இரண்டு விஷயங்கள். மூன்றாம் வாரம் வாரக் குறிப்பை மறுபடி எழுதுங்கள். அப்போதும் நிற்கிற தடைகளைப் பிரித்துப் பாருங்கள். எல்லா மென்பொருளிலும் வரும் தடை என்றால் வழி 2. ஒரே திரையில் மட்டும் வரும் தடை என்றால் வழி 3.

இந்த வரிசை பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். பார்வை முழுதும் போய்விட்டது அல்லது கைகள் இயங்கவில்லை என்றால் வழி 2இல்தான் தொடங்க வேண்டும். அவருக்கு முதல் மூன்று மாதம் பயிற்சியே வேலை என்று எழுத்தில் உறுதி தரவேண்டும். அது இல்லாமல் கருவியை மட்டும் மேசையில் வைத்தால், முன்பிருந்த இலக்கும் புதுக் கருவியும் சேர்ந்து ஆளை நசுக்கிவிடும். அதேபோல, நோய் படிப்படியாகக் கூடுகிறவர் இன்றைய நிலைக்கு மட்டும் பார்க்காமல் அடுத்த நிலைக்கான கருவியை இப்போதே தினம் அரை மணி நேரம் பழகத் தொடங்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு வாரம் உண்மையான வேலையில் சோதியுங்கள். விற்பவர் காட்டும் மாதிரிக் கோப்பு வேண்டாம். முடிவில் பழைய குறிப்பையும் புதிய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை முறை பிறரைக் கூப்பிட வேண்டியிருந்தது என்ற எண்ணை மட்டும் பாருங்கள். வேகம் பிறகு வரும். அந்த எண் குறையவில்லை என்றால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மேலாளராக இருப்பவர்கள் ஒன்றை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலக மென்பொருளின் புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு முறையும், அதன் சோதனைப் பிரதி மற்றவர்களுக்கு முன்னால் அந்த ஊழியரின் கணினிக்குப் போக வேண்டும், அவர் சரி என்று சொன்னபிறகே எல்லோருக்கும் திறக்க வேண்டும்.